வேலைக்கான ஆங்கிலம்: டியூட்டரியா, சான்றிதழா, கைபேசியா, ஐந்து பேர் கூடும் மேசையா?

கேள்வி மூன்று இடங்களிலிருந்து வந்தது. பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் வாழைச்சேனைப் பெண் ஒருவர். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர். கல்முனையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர். வேலைக்கு ஆங்கிலம் போதவில்லை, எங்கே போய்ப் படிப்பது என்பதுதான் மூவரும் கேட்டது. அபிவிருத்தி உத்தியோகத்தர் கொஞ்சம் மனம்விட்டும் பேசினார். கொழும்பிலிருந்து சூம் கூட்டம் வரும் நாட்களில் கமெராவை அணைத்துவிட்டு, 'இணைப்பு சரியில்லை' என்று எழுதிப் போட்டுவிடுவாராம். "இணைப்பு நன்றாகத்தான் இருக்கும் சேர், எனக்குத்தான் சரியில்லை" என்றார்.

மூவரும் மூன்றாம் தரம் முதல் சாதாரண தரம் வரை ஒன்பது வருடம் ஆங்கிலம் படித்தவர்கள். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் வேறு. ஊரின் கணக்கு இன்னும் நீளமானது: மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1814 இல். இருநூறு வருடத்துக்கு மேலாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஊர் இது. வாசிக்கச் சொன்னால் வாசிப்போம், இறந்தகாலம் கேட்டால் எழுதுவோம், வாய் மட்டும் திறக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை. கடல்நீர் புகுந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் தொலைபேசியில் வேகமாகப் பேசினார். நான் மூன்று இடத்தில் 'யெஸ்' என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில் வாகனத்தோடு நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்போது என் மேசை லாச்சியில், டியூட்டரியில் எழுதிய ஆங்கில மரபுத்தொடர்கள் இருநூறு கொண்ட கொப்பி ஒன்று கிடந்தது. 'மன்னிக்கவும், இன்னொரு முறை மெதுவாகச் சொல்வீர்களா' என்ற ஒரு வசனம்தான் வாயில் இல்லை.

ஆகவே இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு பக்கச்சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

எதை வைத்து அளப்பது

முதலாவது அளவுகோல், வாரத்தில் எத்தனை நிமிடம் உங்கள் வாய் ஆங்கிலத்தில் அசைகிறது என்பது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் சேராது. ஆசிரியர் பேசக் கேட்டுக்கொண்டிருந்த நேரமும் சேராது.

இரண்டாவது, பிழையை யார் திருத்துகிறார், என்ன வேகத்தில் திருத்துகிறார். பத்து நிமிடத்துக்குள் திருத்தப்படும் பிழை நினைவில் நிற்கும். மாத முடிவில் பரீட்சைத் தாளில் சிவப்பு மையில் திரும்பி வரும் பிழை யாரோ விட்ட பிழைபோலத் தெரியும்.

மூன்றாவது, பாடம் உங்கள் மேசைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது. விடுதிக்காரருக்கு வேண்டியது முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லும் ஆங்கிலம். உத்தியோகத்தருக்குக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் முன்னேற்றம் சொல்லும் ஆங்கிலம். மென்பொருள்காரருக்கு, செய்து முடிக்க முடியாததை முடியாது என்று மரியாதையாகச் சொல்லும் ஆங்கிலம். மூன்றுக்கும் ஒரே பாடப்புத்தகம் என்றால் மூவருக்கும் பாதிதான் பொருந்தும்.

நான்காவது மணிக்கணக்கு. இதில்தான் ஏமாற்றம் அதிகம். ஐரோப்பியச் சட்டகம் மொழித் தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாகப் பிரிக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் தடுமாறாமல் இருக்க பி1 இல் காலூன்றி பி2 ஐ எட்டிப் பிடிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பரீட்சைப் பிரிவின் மதிப்பீட்டில், தொடக்கத்திலிருந்து ஏ2 ஐ அடைய ஆசிரியர் வழிகாட்டலுடன் 180 முதல் 200 மணி நேரம் வேண்டும். பி1 க்கு 350 முதல் 400. பி2 க்கு 500 முதல் 600. நம்மில் பலர் வாசிப்பில் பி1, பேச்சில் ஏ2. பேச்சை ஒரு படி ஏற்றவே நூற்றைம்பது, இருநூறு மணி நேரம் போகும். சனி, ஞாயிறு தலா ஒன்றரை மணி நேரம் என்று மூன்று மாதம் நடக்கும் வகுப்பு மொத்தம் 36 மணி நேரம். 'மூன்றே மாதத்தில் சரளமான ஆங்கிலம்' என்று மின்கம்பத்தில் தொங்கும் பதாகையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

ஐந்தாவது, கையில் காகிதம் வேண்டுமா வேண்டாமா. நேர்முகப் பரீட்சைக்குச் சான்றிதழ் தேவைப்படுவதும், கூட்டத்தில் பேச்சு தேவைப்படுவதும் வேறு வேறு தேவைகள். ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு மற்றதை எதிர்பார்ப்பதால்தான் பாதி மனக்கசப்பு வருகிறது.

மறைந்திருக்கும் செலவைக் கடைசியில் வைக்கிறேன். பஸ் காசு, டேட்டா, வீட்டில் வேலையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர், இருட்டிய பிறகு தனியே திரும்புவது, இவை எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இராது.

| வழி | நீங்கள் பேசும் நேரம் | திருத்துபவர் | காகிதம் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| டியூட்டரி வகுப்பு | வகுப்புக்கு ஓரிரு நிமிடம் | ஆசிரியர், எப்போதாவது | பெயரளவுக்கு | பயணம், வார இறுதி |
| நிறுவனக் கற்கைநெறி | நடுத்தரம் | விரிவுரையாளர், ஒப்படை வழியாக | பெறுமதியானது | நீண்ட காலம், பரீட்சை விடுமுறை |
| தனி ஆசிரியர் | மணிக்கு 30 நிமிடம்வரை | உடனுக்குடன் | இல்லை | ஆசிரியரின் பழைய பழக்கங்கள் |
| இணையவழி, கட்டணத்துடன் | தனியாக என்றால் அதிகம் | உடனுக்குடன் | சிலவற்றில் | டொலர், டேட்டா, நேர வித்தியாசம் |
| கைபேசியும் செயற்கை நுண்ணறிவும் | நீங்கள் விரும்பும் அளவு | இயந்திரம் | இல்லை | ஒழுங்கு குலைதல் |
| ஐந்து பேர் வட்டம் | அமர்வுக்கு 10 நிமிடம்வரை | நண்பர்கள் | இல்லை | வெட்கம், ஆள் குறைதல் |

அட்டவணை ஒரு பார்வைக்குத்தான். சங்கதி உள்ளே இருக்கிறது.

டியூட்டரி

நகரத்தில் இருந்தாலும் செங்கலடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே இருந்தாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான். கட்டணம் குறைவு, யாரும் சேரலாம், பக்கத்து வாங்கில் அறிமுகமான முகம்.

கணக்கைப் பாருங்கள். நாற்பது பேர், ஒன்றரை மணி நேரம். ஆசிரியர் வாயே திறக்காமல் நேரம் முழுவதையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு 2 நிமிடம் 15 வினாடி. மூன்று மாதத்தில் 24 வகுப்பு. ஒன்றும் தவறவிடாமல் போனால் 54 நிமிடம் பேசியிருப்பீர்கள். கணக்குக்காக மூன்று மாதக் கட்டணம் 12,000 ரூபாய் என்று வைத்தால், பேசிய நிமிடம் ஒன்றுக்கு 222 ரூபாய். இதுவும் ஆசிரியர் பேசாமலிருந்தால்! ஒரு வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கடிகாரம் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஆசிரியரின் குரல் எழுபது நிமிடத்துக்கு மேல். நல்ல ஆசிரியர்தான், நகைச்சுவையாகப் பேசினார், வகுப்பு முழுவதும் சிரித்தது. அவருடைய ஆங்கிலம் அன்றும் நன்றாக வளர்ந்தது.

இதைக் கேட்டு டியூட்டரியே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடசாலையை விட்டுப் பத்து வருடமாகி, எழுத்துக்கூட்டலே மறந்துபோனவர்களுக்கு ஒழுங்கான வகுப்பு தேவை. வாரத்தில் இரண்டு நாள் ஓரிடத்தில் போய் உட்காரும் பழக்கமே அவர்களுக்குப் பாதி மருந்து. பன்னிரண்டு, பதினைந்து பேர் மட்டும் இருக்கும் வகுப்புகளும் உண்டு. அங்கே கணக்கு மாறிவிடும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கடிகாரத்தை மேசையில் வையுங்கள். அனுமதி மறுத்தால் அதுவே பதில்.

மறைசெலவில் பெரியது திரும்பி வருவது. வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நகரம் சுமார் 30 கிலோமீற்றர், கல்முனையிலிருந்து சுமார் 40. மாலை ஆறரைக்கு முடியும் வகுப்பு என்றால் பெண்பிள்ளைகளுக்குப் பஸ் பிடித்து வீடு சேரும்வரை வீட்டில் ஒருவர் வாசலில் நிற்பார். இரண்டாம் மாதத்தில் வகுப்பை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் காரணம் இலக்கணம் அல்ல, இந்த வாசல்தான்.

நிறுவனக் கற்கைநெறிகள்

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. ஆங்கிலச் சான்றிதழ்க் கற்கைநெறிகளும் அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களின் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமாவும் பலர் அறிந்தது. ஆங்கில ஆசிரியராகும் எண்ணம் இருப்பவர்களுக்கு அது நேர்வழி.

இவற்றின் பலம், தரும் காகிதத்துக்கு நாடு முழுவதும் மதிப்பு இருப்பது. நேர்முகப் பரீட்சைக் குழு அதைத் திருப்பிப் பார்க்காமல் ஏற்கும். பலவீனம் வேகம். ஒப்படை, பரீட்சை, பெறுபேறு என்று மாதக்கணக்கில் போகும். அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு அது உதவாது. உங்கள் வயது இருபத்தைந்துக்குக் கீழ், வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதில் சேருங்கள். வேலையில் இருந்துகொண்டு பேச்சுக்காக மட்டும் சேர்ந்தால் சலிப்பீர்கள்.

அரச உத்தியோகத்தர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. தமிழ் உத்தியோகத்தருக்கு அது சிங்களம். அரசியலமைப்பில் ஆங்கிலம் இணைப்பு மொழி மட்டுமே. உங்கள் சம்பளப் படி எந்த மொழியில் தடைப்பட்டு நிற்கிறது என்று தாபனக் கிளையில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் பணம் கட்டுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இரண்டு வருடத்தை மாற்றிச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

தனி ஆசிரியர்

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். மணிக்கு 1,500 ரூபாய் என்று வைத்து, அதில் பாதி நேரம் நீங்கள் பேசினால் நிமிடத்துக்கு 50 ரூபாய். டியூட்டரியின் 222 ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை கூடிய வழி என்று நாம் நினைத்திருப்பது உண்மையில் மலிவு.

ஒரு நிபந்தனை: பாடப்புத்தகத்தை அவர் கொண்டுவரக்கூடாது, உங்கள் வேலையை நீங்கள் கொண்டுபோக வேண்டும். ஓர் உதாரணம். களப் பணியாளர் ஒருவர், கொழும்பு அலுவலகத்தில் தன் வயதொத்த ஒருவரிடம் ஒரு எக்செல் கோப்புக் கேட்டு எழுதிய மின்னஞ்சலைக் காட்டினார். 'மேன்மைதங்கிய ஐயா, மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது யாதெனில்' என்பதன் அச்சொட்டான ஆங்கிலம். ஏழு வரி. எந்தக் கோப்பு என்பது ஏழாவது வரியில் வருகிறது. எந்தத் திகதிக்குள் வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பழைய ஆசிரியர் முழுப் புள்ளி போடுவார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் மூன்று நாளாகப் பதில் போடவில்லை.

நாங்கள் அதை இரண்டு வரியாக்கினோம். முதல் வரியில் வணக்கத்தோடு கோப்பின் பெயரும் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி என்ற கெடுவும். இரண்டாவது வரியில் எதற்காக வேண்டும் என்பதும் நன்றியும். அன்று மாலையே கோப்பு வந்தது. வேலையிட ஆங்கிலத்தில் பாதி இப்படிப்பட்டது. அரச கச்சேரிக் கடிதத் தமிழை ஆங்கில உடுப்புப் போட்டு அனுப்பும் பழக்கத்தைக் கழற்றினாலே நிறையத் தூரம் வந்துவிடலாம்.

இந்த வழியின் மறைசெலவும் அங்கேதான் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் நாற்பது வருடத்துக்கு முந்தைய அலுவலக நடையையே கற்றுத் தருவார்கள். மனம் நோகாமல், "சேர், இந்த மின்னஞ்சலைச் சுருக்கித் தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சுருக்கத் தெரிந்தவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இணையவழி வகுப்பு

இது இரண்டு சாதி. குழு வகுப்பு என்றால் டியூட்டரிதான் திரைக்குள் வந்திருக்கிறது: நாற்பது பெயர், நாற்பது கறுப்புச் சதுரம். பஸ் காசு மிச்சம், அவ்வளவுதான். பிரிட்டிஷ் கவுன்சிலின் நிலையங்கள் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. கிழக்கில் இருப்பவர்களுக்கு அதன் இணையவழிக் கற்கைநெறிகளே கைக்கெட்டும். குழு சிறிது, ஆசிரியர் தேர்ந்தவர். விலை அதற்கேற்ப.

வெளிநாட்டு ஆசிரியரோடு தனியாகப் பேசும் தளங்கள் மற்றச் சாதி. பலவகை உச்சரிப்பைக் கேட்டுப் பழக இதைவிட நல்ல வழி நம் ஊரில் இல்லை. டொலரில் கட்ட வேண்டும். ரூபாய் சரியும் மாதத்தில் அதே வகுப்பு கூடுதலாக விழும். முன்கூட்டியே இருபது வகுப்புக்கு மொத்தமாகப் பணம் வாங்கும் திட்டத்தில் முதல்முறையே விழ வேண்டாம். மூன்று வகுப்பு வாங்கிப் பாருங்கள்.

கைபேசியும் செயற்கை நுண்ணறிவும்

பிபிசி 1943 இல் வானொலியில் தொடங்கிய ஆங்கிலப் பாடம் இன்று ஆறு நிமிட நிகழ்ச்சிகளாக, எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் போகும் நேரத்துக்கு அது போதும். அது காதுக்கு. வாய்க்குக் குரலில் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. இவற்றை ஏளனமாகப் பார்க்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் சிரிக்காத இடத்தில் அரை மணி நேரம் பேசலாம் என்பது நம்மைப் போன்ற கூச்சக்காரர்களுக்குப் பெரிய வரம்.

ஆனால் அதற்கு வேலை சொல்லத் தெரிய வேண்டும். 'என்னோடு ஆங்கிலத்தில் பேசு' என்றால் அது வானிலையைப் பற்றிப் பேசும், நீங்கள் என்ன சொன்னாலும் பிரமாதம் என்று சொல்லும். 'நீ கோபமாக இருக்கும் விருந்தாளி, அறையில் குளிரூட்டி வேலை செய்யவில்லை, நான் வரவேற்பில் இருக்கிறேன், எளிதில் சமாதானமாகாதே, முடிவில் என்னுடைய மூன்று பிழையை மட்டும் சொல்' என்று கட்டளை கொடுத்தால் கதை வேறு. மூன்று என்ற எண்ணிக்கை முக்கியம். இருபது பிழையைக் காட்டினால் மறுநாள் செயலியைத் திறக்க மனம் வராது.

குறைகள் இரண்டு. இயந்திரம் உங்கள் உச்சரிப்பைப் பொறுத்துப்போகும், இடையில் குறுக்கிடாது, இருமாது, பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்காது. மனிதரோடு பேசும்போது இவை எல்லாம் உண்டு. இரண்டாவது குறை பலருக்கு உறைப்பதில்லை: பயனாளிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நோயாளி விபரம் உள்ள அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி அப்படியே உள்ளே போடுவது. ஆங்கிலம் திருந்தும், வேலை போகலாம். பெயர்களை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

ஐந்து பேர் வட்டம்

என் பக்கச்சாய்வு இங்கேதான். செலவு தேநீர் மட்டும். அமெரிக்காவில் ரால்ப் ஸ்மெட்லி என்பவர் 1924 இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கழகத்தின் முறையைக் கடன் வாங்கினால் போதும். ஒருவர் ஐந்து முதல் ஏழு நிமிடம் தயாரித்துப் பேசுவார். அடுத்து திடீர்த் தலைப்புக்கு ஆளுக்கு ஓரிரு நிமிடம். ஒருவர் கடிகாரம் பார்ப்பார், ஒருவர் 'ஆ', 'ம்' என்ற இழுவைகளை எண்ணுவார், ஒருவர் பேச்சை மதிப்பிடுவார். தலைவர் பதவி சுழன்று வரும்.

நாங்கள் ஒரு காலம் காந்திப் பூங்காவில், வாவியைப் பார்த்த வாங்கில், வியாழன் மாலை கூடினோம். முதல் நாள் ஐந்து பேரும் ஐந்து நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். தமிழில் பேசிப் பழகிய முகத்தோடு ஆங்கிலத்தில் பேசுவது அவ்வளவு நாடகமாகத் தெரிந்தது. கச்சான் விற்கும் தம்பி நின்று பார்த்துவிட்டு, "பரீட்சையா அண்ணா?" என்று கேட்டான். ஆம் என்றோம்; அன்று அது ஒரு நல்ல பொய். ஆறாவது வாரம் சிரிப்பு நின்றது. ஒருவர் தன் அலுவலகத்தின் மாதாந்த முன்னேற்றத்தை எங்களிடம் ஒத்திகை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கொழும்பில் அதையே சொன்னார்.

வெட்கத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள் என்பார்கள். அது வெட்டும், கையில் வைத்திருப்பவனை உயர்த்தியும் காட்டும். நம் பக்கத்தில் வாள் என்ற பெயர் இல்லை, காயம் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் வாய் திறந்தால், "என்ன, துரையாகிவிட்டீரா?" என்று ஒரு குரல் வரும். ஆகவே வட்டத்தில் ஒரே விதி வையுங்கள்: பிழைக்குச் சிரிக்கலாம், ஆளுக்குச் சிரிக்கக் கூடாது. மேலதிகாரியையும் அவருக்குக் கீழ் வேலை செய்பவரையும் ஒரே வட்டத்தில் போடாதீர்கள். போட்டால் மேலதிகாரி மட்டும் பேசுவார்.

வட்டத்தின் உண்மையான பலவீனம் வேறு. ஐவருக்கும் ஒரே பிழை. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பதை 'ஐ ஹேவ்' என்னாமல் 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்று ஒருவர் சொன்னால் மற்ற நால்வரின் காதுக்கும் அது இனிமையாகவே கேட்கும். ஆறு மாதத்தில் பிழை சரளமாகிவிடும். மாதம் ஒரு முறை வெளியாள் ஒருவரை, மேலே சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியரை, அழைத்து உட்கார வையுங்கள். ஐவரும் பங்கிட்டால் அவருடைய ஒரு மணி நேரம் ஆளுக்கு 300 ரூபாய்.

இரண்டு வழிகளைப் பற்றிச் சுருக்கமாக

கொழும்புக்குப் போய் மூன்று மாதம் தங்கிப் படிப்பது. தங்குமிட வாடகையும் சாப்பாடும் கட்டணத்தை விழுங்கிவிடும். மாலையில் வெள்ளவத்தையில் தமிழிலேயே பேசித் திரிவீர்கள். வேலையும் அங்கே கிடைத்தால் போங்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கான வகுப்பு. வெளிநாடு போகிறவர்களுக்கு. அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம், பெறுபேற்றுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். அதற்குள் விண்ணப்பிக்கும் திட்டம் இல்லாமல் 'இருக்கட்டும்' என்று எழுதுவது காலாவதியாகும் மருந்தை வாங்கி அலுமாரியில் வைப்பது மாதிரி.

மூவருக்கும் சொன்னது

அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் சிங்களத் தேர்ச்சி முடிந்ததா என்று கேட்டேன். முடித்திருந்தார். அவருக்கு வட்டமும் மாதம் ஒரு முறை ஆசிரியரும் என்று சொன்னேன். அத்துடன் ஒரு வேலை: அடுத்த சூம் கூட்டத்தில் கமெராவைத் திறந்து, பெயர், பிரதேச செயலகம், இந்த மாதம் முடிந்த வேலை ஒன்று என்று மூன்று வசனம் மட்டும். எழுதி வைத்து வாசித்தாலும் பரவாயில்லை. நான்காவது வசனத்தைப் பிறகு பார்ப்போம்.

கல்முனைத் தம்பிக்கு டியூட்டரியால் ஒரு பயனும் இல்லை. அவர் எழுத்து நன்றாக இருக்கிறது, காதும் வாயும்தான் பிந்தி நிற்கின்றன. டொலரில் சம்பளம் வாங்குகிறவருக்கு டொலரில் கட்டுவது வலிக்காது. வாரம் இரண்டு முறை தனி ஆசிரியரோடு இணையத்தில், அவருடைய திட்ட மேலாளர் பேசும் உச்சரிப்பு உள்ள ஒருவரோடு.

வாழைச்சேனைப் பெண்ணுக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். மாலை வேலை, மாறும் வேலைநேரம். எந்த வகுப்பும் பொருந்தாது. வீட்டில் சிறு பிள்ளை. அறுகம்பையிலும் இதே தொழிலில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர்வரை மூச்சுவிட நேரமிராது. ஆனால் மாரியில், நவம்பர் முதல் ஜனவரிவரை, நம் கரையில் விருந்தினர் குறைவு. அந்த மூன்று மாதத்தை வகுப்பறையாக்கச் சொன்னேன். ஒரு சின்னக் கொப்பியில் விருந்தினர்கள் உண்மையில் சொல்லும் வசனங்களைத் தமிழில் குறித்து வர வேண்டும். சுடுநீர் வரவில்லை. ஓட்டோக்காரர் கூடக் கேட்கிறார். பில்லில் இரண்டு தேநீர் அதிகம். ஒரு மணி நேரம் பிந்தி அறையை விடலாமா. இப்படி 23 வசனம் கொண்டுவந்தார். அவற்றுக்கான பதில்களை ஒரு ஆசிரியையோடு இருந்து நான்கு அமர்வில் எழுதினோம். இரவில் கைபேசியோடு கோபக்கார விருந்தாளி விளையாட்டு. இருபத்துமூன்றில் அவருக்கு இன்னும் கடினமாக இருப்பது பில் விவகாரம்தான்: பிழை நம்முடையது இல்லை என்பதை, விருந்தாளி பொய் சொல்கிறார் என்று ஒலிக்காமல் சொல்ல வேண்டும். அதைத் தமிழில் சொல்வதே இலேசில்லை. ஜனவரி முடியும்வரை நேரம் இருக்கிறது.